கதவு திறந்தே இருந்த வீடு

இரண்டே வருஷத்தில் கல்லூரிக்கு முழுக்குப் போட்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பழைய மாணவர் மலரில் எழுதலாமா? படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்!

டோரதி டே 1897 நவம்பர் 8-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். இலினாய் பல்கலைக்கழகத்தில் 1914-ல் சேர்ந்தவர், 1916-ல் படிப்பை விட்டுவிட்டு சோஷலிஸ்ட் பத்திரிகை நிருபரானார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் நின்றதற்காக 1917-ல் ஜெயிலுக்கும் போனார்.

1926-ல் மகள் தாமார் பிறந்தாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், தானும் கத்தோலிக்கராக வேண்டும் என்று டோரதிக்கு ஆசை. குழந்தையின் தகப்பனுக்கோ கடவுள் நம்பிக்கையே கிடையாது. சேர்ந்தால் அவரை இழக்க வேண்டியதுதான். மனசு உடைந்தாலும் 1927 டிசம்பரில் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலையில்லாதவர் கூட்டம் தெருவெல்லாம் நின்றது. ஏழைகளுக்காக உழைக்க ஒரு வழி காட்டு என்று 1932 டிசம்பரில் வாஷிங்டனில் ஜெபித்துவிட்டு வீடு திரும்பினால், பீட்டர் மோரன் என்ற பிரெஞ்சுக்காரர் காத்திருந்தார். இருவரும் 1933 மே 1-ல் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். முதல் இதழ் 2,500 பிரதி, விலை ஒரு சென்ட். எழுதினால் மட்டும் போதுமா? வீடற்றவர்களுக்கு விருந்தோம்பல் இல்லமும் திறந்தார்கள்.

அங்கே காபி, ரொட்டி, சூப். யார், எந்த மதம் என்ற விசாரணையெல்லாம் கிடையாது. வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளமில்லை. வந்தவர்களோடு அதே வீட்டில் தங்கி, அதே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். டோரதி உடுத்தியதும் யாரோ கொடுத்த பழைய துணிதான். மூட்டைப்பூச்சி, குடிகாரர் சண்டை, கட்டாத பில் எல்லாம் உண்டு. தினசரி திருப்பலி, ஜெபமாலை, கூடி ஜெபிப்பது இவைதான் அவரைத் தாங்கின. தனிமைக்கு மருந்து கூடி வாழ்வதே என்று நம்பினார்.

சோதனையும் வந்தது. இரண்டாம் உலகப் போரிலும் ஆயுதம் கூடாது என்றே எழுதினார். சந்தாதாரர்கள் விலகினார்கள், பல இல்லங்கள் மூடப்பட்டன. கூட இருந்தவர்களே கோபித்துக்கொண்டார்கள். அவர் மாறவில்லை.

1960-ல் நியூயார்க் நகராட்சி கொடுத்த வட்டி 3,579 டாலரை, வட்டி வாங்குவது தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் நிலைமையில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? 1970-ல் கல்கத்தா வந்து அன்னை தெரசாவைச் சந்தித்தார். 1973-ல், 75 வயதில், கலிபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர்களுக்காக மறுபடி ஜெயில்!

1980 நவம்பர் 29-ல், வீடற்ற பெண்களுக்காகத் திறந்த மேரி இல்லத்தில், அவர்கள் நடுவிலேயே கண்ணை மூடினார். 2000-ல் திருச்சபை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இல்லங்கள் அவர் வழியில் நடக்கின்றன.

மாணவச் செல்வங்களே, அவர் பட்டம் வாங்கவில்லை. ஆனால் பசியோடு வந்தவரை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். பட்டம் வாங்கிய நாம் நம் வீட்டுக் கதவைக் கொஞ்சமாவது திறப்போமே!