அன்னமாச்சாரியாரும் அரசனின் விலங்கும்

சித்தூர் மாவட்டத்தில், தமிழகமும் கர்நாடகமும் நெருங்கி நிற்கும் மூலையில் உள்ளது சாந்திபுரம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் அப்பகுதியில் ஒருமுறை சத்சங்கம் முடிந்தபின், ஓர் அன்பர் தனியே வந்து தம் ஐயத்தைக் கூறினார். அவர் பைபிளின் யாத்திராகமத்தைப் படித்திருந்தார். இஸ்ரவேல் மக்களை அடிமைகளாக வைத்திருந்த எகிப்திய மன்னன் பார்வோனிடம், அவர்களை விடுவிக்கும்படி இறைவனின் பெயரால் மோசே கேட்கிறார். அந்த இறைவன் யார், தான் அவரை அறியேன் என்கிறான் மன்னன். அதன்பின் பத்து வாதைகள் அந்நாட்டைத் தாக்குகின்றன. நைல் நதி இரத்தமாகிறது. தவளைகளும் வெட்டுக்கிளிகளும் நாட்டை மூடுகின்றன. மூன்று நாள் காரிருள் சூழ்கிறது. இறுதியில் தலைப்பிள்ளைகள் மடிகின்றனர். எகிப்தியர் தம்மை அறியவேண்டும் என்பதே இறைவனின் நோக்கம் என்று அந்நூல் மீண்டும் மீண்டும் கூறுகிறது. தம்மை அறிவித்துக்கொள்ள இறைவனுக்கு இவ்வளவு கடுமை எதற்கு என்பதே அன்பரின் கேள்வி.

வாதம் செய்து விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் வாழும் நிலப்பகுதியிலேயே, ஓர் அரசனுக்கு இறைவன் தம்மை அறிவித்த வரலாறு ஒன்று உண்டு. அதையே சொன்னேன்.

திருவேங்கடமுடையானின் புகழைப் பாடியே வாழ்ந்த ஸ்ரீ அன்னமாச்சாரியார் 1408-ஆம் ஆண்டு, கடப்பைப் பகுதியைச் சேர்ந்த தாள்ளபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நாராயணசூரி, தாய் லக்கமாம்பா. எட்டு வயதில் வீட்டாரிடம் சொல்லாமல் யாத்திரிகர் கூட்டத்தோடு திருப்பதிக்குப் புறப்பட்டுவிட்டார். திருமலைப் பாதையில் செங்குத்தான ஓரிடத்தைத் தெலுங்கர் மோகாலி மெட்டு என்பர். நம்மவர்க்கு அது முழங்கால் முறிச்சான். பசியாலும் களைப்பாலும் சிறுவன் அங்கே சோர்ந்து விழுந்தான். அப்போது அலர்மேல்மங்கைத் தாயார் ஒரு முதிய மாதாக வந்து, சாளக்கிராம மயமான மலையில் காலணியோடு ஏறலாகாது என்று உணர்த்தித் தம் பிரசாதத்தை ஊட்டினார் என்பது மரபு. பசித்த குழந்தைக்கு இறைமை முதன்முதலில் தெரிந்தது சோறாகத்தான்.

பதினாறாம் வயதில், 1424-இல், வேங்கடவன் அவருக்குக் காட்சி தந்து, தம்மைப் பாடும்படி பணித்தான். அன்றுமுதல் நாளொன்றுக்கு ஒரு கீர்த்தனையேனும் பாடுவதை அவர் விரதமாகக் கொண்டார். திருமலையில் வைணவ தீட்சை பெற்றார். அகோபிலத்தில் சடகோப யதியிடம் வேதாந்தம் பயின்றார். அவர் இல்லறத்தார். துணைவியருள் ஒருவரான திம்மக்கா, சுபத்ரா கல்யாணம் என்னும் காவியத்தை இயற்றித் தெலுங்கின் முதல் பெண்கவி எனப் போற்றப்படுகிறார்.

அக்காலத்தில் வளர்ந்துவந்த தலைவன் சாளுவ நரசிம்மன். அவன் தீயவன் அல்லன். பெருமாளிடம் பக்தியும் உடையவன். திருமலைக் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவன் அளித்த கொடைகளை இன்றும் பேசுகின்றன. அன்னமாச்சாரியாரைத் தன் சபைக்கு அழைத்துப் பெரிதும் மதித்தான். பார்வோனிலிருந்து இவன் வேறுபடுவது இங்கேதான்; இறைவனை அறியேன் என்று இவன் சொல்லவில்லை. அறிந்திருந்தும் ஒரு கணம் மறந்தான்.

பெனுகொண்டாவில் ஒரு நாள் அரசன் பாட்டுக் கேட்க விரும்பினான். ஆச்சாரியார் திருமகளையும் வேங்கடவனையும் குறித்த சிருங்காரக் கீர்த்தனை ஒன்றைப் பாடினார். அதன் அழகில் மயங்கிய அரசன், அதுபோலத் தன்னைக் குறித்தும் ஒன்று பாடவேண்டும் என்றான். ஆச்சாரியார் காதுகளைப் பொத்திக்கொண்டு ஹரிநாமத்தை உச்சரித்தார். முகுந்தனைப் பாடிய நாவால் மானிடரைப் பாட இயலாது என்று மறுத்துவிட்டார். அரசனின் உப்பைத் தின்றவர் இப்படி மறுப்பது எளிதன்று. சற்றே வளைந்து கொடுத்திருந்தால் பொன்னும் கிராமங்களும் கிடைத்திருக்கும். உலகியல் நோக்கில் கேட்கப்பட்டதும் பெரிதன்று, ஒரேயொரு பாட்டு!

அரசனின் கோபம் எல்லை கடந்தது. அவரைச் சிறையிலிட்டு, கனத்த விலங்கைப் பூட்டச் செய்தான். மூன்று மன்னரை வென்றவன் என்னும் பொருளுடைய விருதுப்பெயர் அவ்விலங்குக்கு இருந்தது. மனிதனின் அகங்காரம் இரும்புக்கும் பட்டப்பெயர் சூட்டுகிறது! ஆச்சாரியார் விடுதலையை வேண்டவில்லை, அரசனைச் சபிக்கவும் இல்லை. பசியிலும் தளர்ச்சியிலும் சிறையிலும் ஹரிநாமம் ஒன்றே துணை என்னும் கருத்தில் ஒரு கீர்த்தனை பாடினார். விலங்கு கழன்று விழுந்தது. முதலில் கண்டவர்கள் காவலர்கள். அஞ்சி ஓடி அரசனிடம் தெரிவித்தனர். அவன் நம்பாமல் நேரில் வந்து, மீண்டும் பூட்டச் செய்தான். மீண்டும் பாட்டு, மீண்டும் விலங்கு நெகிழ்ந்தது. அரசன் கண்ணீர் மல்க அவர் பாதங்களில் விழுந்தான்.

இவ்வரலாற்றைத் த்விபத யாப்பில் எழுதி வைத்தவர் ஆச்சாரியாரின் பேரர் சின்ன திருவேங்கடநாதர்.

இதைக் கேட்ட அன்பர் விடவில்லை. ஒருவனுக்கு ஒரு விலங்கு போதுமாயிருக்க, மற்றவனுக்கு ஏன் பத்து வாதைகள் என்றார். மூன்றாம் வாதையிலேயே பார்வோனின் மந்திரவாதிகள் இது கடவுளின் கைவண்ணம் என்று கண்டுகொண்டனர். கல்மழைக்கு முன் எச்சரிக்கை வந்தபோது, அவனுடைய ஊழியருள் அஞ்சியவர்கள் தம் கால்நடைகளை வீட்டினுள் சேர்த்துக் காத்தனர். அரசனோ அறிய மறுத்தான். அவன் தன் உள்ளத்தைக் கடினப்படுத்திக்கொண்டான் என்று சில இடங்களிலும், இறைவனே கடினப்படுத்தினார் என்று சில இடங்களிலும் யாத்திராகமம் கூறுகிறது. நம் சாஸ்திரம் சம்ஸ்காரம் என்று சொல்வதை நினைத்தால் இது முரணாகத் தோன்றாது. ஒவ்வொரு மறுப்பும் அடுத்த மறுப்பை எளிதாக்குகிறது. பின்னர் அது இயற்கையின் நியதி போலவே இயங்குகிறது. ஆயினும், அரசனின் பிடிவாதத்துக்குக் குழந்தைகள் ஏன் மடியவேண்டும் என்ற கேள்வி என் நெஞ்சிலும் தைக்கிறது. அதை நான் அன்பரிடம் மறைக்கவில்லை. அவரவர் நினைக்கும் அளவே இறைவன் அவரவர்க்கு என்ற பொருளில் அன்னமாச்சாரியார் பாடிய கீர்த்தனை ஒன்று உண்டு. அதை மட்டும் நினைவூட்டினேன்.

சாளுவ நரசிம்மன் 1485-இல் விஜயநகர அரியணையையே கைப்பற்றினான். 1491-இல் மறைந்தான். ஆச்சாரியாரோ திருமலைக்குத் திரும்பி, 1503-இல் இறைவனடி சேரும்வரை தம் விரதத்தைத் தொடர்ந்தார். மொத்தம் 32,000 கீர்த்தனைகள் என்பது வழக்கு. மகனார் பெத்த திருமலாச்சாரியார் காலத்தில் அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள் உண்டியலுக்கு எதிரே சிறிய கல்லறை ஒன்றில் வைக்கப்பட்டன. சங்கீர்த்தன பண்டாரம் என்பது அதன் பெயர். பின்னர் நாடு அதை மறந்தது. 1922-இல் அச்செப்பேடுகள் வெளிக்கொணரப்பட்டன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மாவும் அவற்றைப் படித்துப் பதிப்பிப்பதில் உழைத்தனர். 12,000-க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் இன்று நமக்குக் கிடைத்துள்ளன. நரசிம்மன் விரும்பிக் கேட்ட பாட்டு அவற்றுள் இல்லை.