நம்பிக்கையை முதலாக இட்டவர்

ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று கடை நடத்தும் நம்மவர்களில் இளையோர் பலருக்கு இவ்வூரின் பழைய கதை தெரிந்திருக்க நியாயமில்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் செய்தியும் எட்டாதிருக்க, நாடெங்கும் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவற்றில் ஒன்றான செர்டாங் புதுக்கிராமமே இன்றைய ஸ்ரீ கெம்பாங்கான். இனத்தை இனம் ஐயத்தோடு நோக்கிய அந்நாளில், நம்பிக்கையை முதலாக இட்டு ஒரு நாட்டை எழுப்பியவர் மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அல்-ஹாஜ். அன்னாரின் வாழ்வை நாம் ஈண்டு நினைவுகூர்வோம்.

கெடா சுல்தான் அப்துல் ஹமீது அவர்களின் திருமகனாக 1903 பிப்ரவரி 8-ஆம் நாள் அலோர் ஸ்டாரில் துங்கு பிறந்தார். தாயார் சயாம் நாட்டவர். பாங்காக்கிலும் பினாங்கிலும் பயின்று, கேம்பிரிட்ஜில் 1925-இல் பட்டம் பெற்றார். ஆனால் சட்டத் தேர்வு எளிதில் கைகூடவில்லை. முதலில் தோல்வி, பின்னர் யுத்தம் குறுக்கிட்டது. மாவட்ட அதிகாரியாகப் பணிபுரிந்த பின் மீண்டும் லண்டன் சென்று, 1949-இல்தான் பாரிஸ்டரானார். ஒரு முறை நொடித்தவனைப் பேரேட்டிலிருந்து அடித்துவிடலாகாது என்பதற்கு இதுவே சான்றன்றோ!

1951-இல் அம்னோவின் தலைமை அன்னாரிடம் வந்தது. கட்சியிடம் பணமில்லை, தம் சொத்துகளை விற்றுக் கட்சியை நடத்தினார். 1952 கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்தன, 1954-இல் ம.இ.கா. சேர்ந்தது. 1955 ஜூலைப் பொதுத்தேர்தலில் வாக்காளரில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். அப்படியிருந்தும் 52 தொகுதிகளில் 17-ஐத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தார். கூட்டணி 51 இடங்களை வென்றது. கூட்டு வியாபாரத்தில் பங்காளிக்கு உரியதை முன்கூட்டியே ஒதுக்குபவன் நட்டப்படுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

அவ்வாண்டு டிசம்பரில் பாலிங் நகரில் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்குடன் நேருக்கு நேர் பேசினார். உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் நாட்டின் பொறுப்பை ஏற்கத் தக்கவர் என்பதை உலகம் கண்டது. 1956 பிப்ரவரி 8-ஆம் நாள், தம் 53-ஆவது பிறந்த நாளன்றே, லண்டனில் சுதந்திர உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். 1957 ஆகஸ்டு 31-இல் மெர்டேக்கா அரங்கில் ஏழு முறை சுதந்திர முழக்கம் எழுப்பினார்.

அந்த முழக்கம் நம் முன்னோருக்கு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர்கள், ஒரு கால் இங்கும் ஒரு கால் ஊரிலுமாக வாழ்ந்தவர்கள். இனி எது நம் நாடு? மலாய்க்காரரின் தனி உரிமையும் மலாய்மொழியின் தகுதியும் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றன. சுதந்திரத்திற்குப் பின் இம்மண்ணில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமையும், நெடுநாள் வாழ்ந்தோர் விண்ணப்பிக்க வழியும் கிடைத்தன. எவர்க்கும் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. எவரும் வெறுங்கையோடு போகவுமில்லை. இன்று நாம் வணிக உரிமத்தில் குடிமக்களாகக் கையொப்பமிடுவது அந்தப் பேரத்தின் பயனே.

துங்கு குறையே இல்லாதவர் என்று நாம் சொல்ல வரவில்லை. குதிரைப் பந்தயத்தில் தமக்கிருந்த நாட்டத்தை அன்னாரே மறைத்ததில்லை. 1963-இல் மலேசியாவை உருவாக்கியவர், 1965-இல் சிங்கப்பூர் பிரிவதைக் காண நேர்ந்தது. 1969 மே 13-இல் தலைநகரில் மூண்ட கலவரத்தில், அரசுக் கணக்கின்படியே 196 பேர் மாண்டனர். வாழ்நாள் முதலீடு ஒரே இரவில் எரிந்ததைப் போன்ற வேதனை அது. 1970 செப்டம்பரில் பிரதமர் பதவியிலிருந்து விலகினார்.

அதன்பின்னும் ஓய்ந்திருக்கவில்லை. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதல் தலைமைச் செயலாளராகப் பணியாற்றினார். தாம் 1960-இல் நிறுவிய பெர்கிம் வழியே அறப்பணி புரிந்தார். தேசியப் பள்ளிவாசலுக்குத் தம் பெயரைச் சூட்ட முன்வந்தபோது ஏற்க மறுத்தவர் அன்னார். 1990 டிசம்பர் 6-இல் வபாத்தாகி, அலோர் ஸ்டாரை அடுத்த லங்காரில் அடங்கியுள்ளார்.

தந்தை விட்டுச்சென்ற கடையை மகன் காக்க வேண்டுமாயின், வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் காக்க வேண்டும். நாடும் அப்படியே. வேலி அகன்ற இவ்வூரில் சீனரும் மலாய்க்காரரும் நாமும் அடுத்தடுத்துக் கடை விரித்திருக்கிறோம். அண்டைக் கடைக்காரரோடு நேர்மையாகக் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு நாளும் துங்கு இட்ட முதல் பெருகுகிறது. அன்னாரின் மறுமை வாழ்வு சிறக்க துஆச் செய்வோமாக!