நாடிழந்த மக்களின் தலைவர் கொண்டியாரொங்

மார்க்கம் நகரின் ஊடாக ஓடி ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் ரூஜ் ஆற்றை நம்மில் பலர் தினமும் கடந்து போகிறோம். இந்த ஆற்றைச் சூழ்ந்த நிலத்தில் எமக்கு முன்னர், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முன்னர், சோளம் விதைத்து வாழ்ந்தவர்கள் வெண்டாட் மக்களின் முன்னோர். மார்க்கத்துக்கு வடக்கே ஸ்டூவ்வில் பகுதியில் பல நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவர்களின் பெரிய ஊர் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. மரவேலியால் சூழப்பட்ட அந்த ஊரின் நீள்வீடுகளில் 1500 பேருக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். அங்கே ஐரோப்பாவின் பாஸ்க் நாட்டிலிருந்து வந்த ஓர் இரும்புத் துண்டும் கிடைத்தது. வெள்ளையர் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே அவர்களுடைய இரும்பு கைமாறிக் கைமாறி இங்கு வந்து சேர்ந்துவிட்டது.

1500களின் இறுதிக்குள் அந்த மக்கள் படிப்படியாக வடக்கே நகர்ந்து, சிம்கோ ஏரிக்கும் ஜோர்ஜியன் குடாவுக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர் அவர்களை ஹூரோன் என்று அழைத்தனர். அவர்களுக்கு மேற்கே, இன்று நாம் பிள்ளைகளைப் பனிச்சறுக்கலுக்குக் கூட்டிச் செல்லும் புளூ மவுண்டன் பகுதியில், அவர்களின் மொழிக்கு மிக நெருங்கிய மொழி பேசிய தியோனொந்தாத்தி மக்கள் இருந்தார்கள். கொண்டியாரொங் இந்த மக்களின் தலைவர். பிறந்த காலத்திலேயே நாட்டை இழந்த அவர், வாழ்நாள் முழுவதும் அகதிகளாக இருந்த ஒரு சிறு கூட்டத்தை அழியவிடாமல் காத்தவர்.

அவருடைய மக்கள் ஏன் நாடிழந்தார்கள் என்பதை அறிய உரோமத் தோல் வணிகத்தைப் பார்க்கவேண்டும். அந்நாளில் ஐரோப்பாவின் செல்வர்கள் அணிந்த தொப்பிகள் பீவர் என்னும் விலங்கின் மயிரால் செய்யப்பட்டவை. 1615 இல் சாம்பிளேன் வெண்டாட் நாட்டுக்கு வந்தார். வெண்டாட் மக்கள் தமது சோளத்தை வடக்கே வேட்டையாடி வாழ்ந்த மக்களுக்குக் கொடுத்து, தோல்களை வாங்கி, வள்ளங்களில் கியூபெக் பக்கம் கொண்டுபோய்ப் பிரெஞ்சுக்காரருக்கு விற்றார்கள். இரும்புக் கோடரியும் செம்புப் பானையும் வந்தன. அவற்றுடன் நோயும் வந்தது. 1634 முதல் 1640 வரை பெரியம்மை உள்ளிட்ட தொற்றுகள் அந்த மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரைக் கொண்டுபோயின.

ஒன்ராறியோ ஏரிக்குத் தெற்கே ஐந்து நாடுகளின் கூட்டமைப்பு இருந்தது. அவர்கள் தம்மை ஹோடெனோஷோனி என்பார்கள். ஐரோப்பியர் வைத்த பெயர் இரோக்குவா. அவர்கள் ஒல்லாந்தரிடம் தோல் விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள். அவர்களையும் தொற்றுநோய் விட்டுவைக்கவில்லை. செத்தவர்களின் இடத்தை நிரப்ப அடுத்த நாட்டாரைச் சிறைப்பிடித்துத் தம் குடும்பங்களில் சேர்ப்பது அவர்களின் வழக்கம். தோலும் ஆளும் வேண்டி நடந்த போர் 1649 மார்ச்சில் வெண்டாட் ஊர்களை எரித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தியோனொந்தாத்தி ஊரும் விழுந்தது. ஜோர்ஜியன் குடாவிலுள்ள கிறிஸ்டியன் தீவில் அடைக்கலம் தேடியவர்களில் பெருந்தொகையானோர் அந்தக் குளிர்காலத்திலேயே பட்டினியால் மாண்டனர். மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் கியூபெக்குக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் பகைவரின் வீடுகளில் வளர்ப்புப் பிள்ளைகளாகக் கரைந்தார்கள். மூன்றாவது பகுதியினர் மேற்கே ஓடினார்கள்.

கொண்டியாரொங் பிறந்தது அந்த 1649 அளவில் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மேற்கே ஓடிய கூட்டத்தில்தான் அவர் வளர்ந்தார். மிச்சிகன் ஏரியின் கிரீன் பே, மிசிசிப்பி ஆற்றுப் பக்கம், சுப்பீரியர் ஏரியின் தென்கரை என்று அந்த மக்கள் இருபது ஆண்டுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஓரிடத்தில் நாலு போகம் சோளம் எடுத்தால் அடுத்த இடத்துக்குப் புறப்படவேண்டிய நிலை வரும். 1671 அளவில், ஹியூரன் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் மிஷிலிமக்கினாக் நீரிணையில் வந்து தங்கினார்கள். இடப்பெயர்வில் பிறந்து இடப்பெயர்வில் வளர்ந்த பிள்ளை எப்படிப்பட்டது என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கொண்டியாரொங் என்ற பெயருக்கு மஸ்க்ராட் என்னும் நீரெலி என்று பொருள். பிரெஞ்சுக்காரர் சுருக்கமாக அவரை எலி என்றே அழைத்தார்கள். பெயரில் ஏளனம் இருந்தாலும் ஆளை அவர்கள் ஏளனம் செய்யவில்லை. ஆளுநரின் விருந்து மேசையில் அவருடைய பேச்சைக் கேட்கக் காத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் பெரிய படை இல்லை. அவருடைய மக்கள் சில நூறு பேர் மட்டுமே. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர், மறுபக்கம் ஆங்கிலேயர், இடையில் ஹோடெனோஷோனி. மேற்கின் தோல் வணிகத்துக்கு மிஷிலிமக்கினாக் நடுச்சந்தியாக இருந்ததால் எல்லோருக்கும் அந்த இடம் வேண்டும். அங்கே வாழ்ந்த சிறு மக்களைப் பற்றிக் கவலைப்பட ஒருவருமில்லை.

ஆகவே கொண்டியாரொங் ஒன்றைத் தெளிவாகக் கண்டுகொண்டார். பிரெஞ்சுக்காரர் தம் கூட்டாளிகளை விட்டுவிட்டு ஹோடெனோஷோனியுடன் தனியே சமாதானம் செய்தால், அந்தப் போர்வீரர்களின் கை முழுவதும் மேற்கின் பக்கம் திரும்பும். அப்போது அழியப்போவது தம் மக்களே. 1687 இல் ஆளுநர் டெனொன்வீல் செனெக்கா நாட்டின்மீது படையெடுத்தபோது, போர் முடிவுவரை நடக்கும் என்ற வாக்குறுதியின் பேரில் கொண்டியாரொங் அவர் பக்கம் நின்றார்.

அடுத்த ஆண்டு தம் வீரர்களுடன் இன்றைய கிங்ஸ்டனில் இருந்த பிரெஞ்சுக் கோட்டைக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த செய்தி வேறு. ஆளுநர் சமாதானம் பேசுகிறார், ஹோடெனோஷோனித் தூதர்கள் மொன்றியலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், நீங்கள் ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. அவர் மறுப்புச் சொல்லாமல் புறப்பட்டார். ஆனால் ஊருக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் தூதர்கள் வரும் வழியில் ஒளிந்திருந்து தாக்கினார். ஒரு தலைவர் கொல்லப்பட்டார், மற்றவர்கள் பிடிபட்டார்கள். தாங்கள் சமாதானத் தூதர்கள் என்று அவர்கள் சொன்னதும், தமக்கு எதுவும் தெரியாது என்றும் ஆளுநரே இந்தப் பாதையில் காத்திருக்கச் சொன்னார் என்றும் திகைப்பு நடித்தார். ஒருவரைத் தவிர மற்றவர்களை ஆயுதம் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த ஒருவரை மிஷிலிமக்கினாக்குக்குக் கொண்டுபோனார். சமாதானப் பேச்சைப் பற்றி அறியாத பிரெஞ்சுத் தளபதி அவரைக் கொல்லச் செய்தார். பின்னர் கொண்டியாரொங் முதியவரான ஒரு ஹோடெனோஷோனிக் கைதியை விடுவித்து, கண்டதைத் தம் மக்களிடம் போய்ச் சொல்லும்படி அனுப்பினார்.

சமாதானம் செத்தது. 1689 ஆகஸ்ட் 5 ஆம் திகதி அதிகாலையில் ஏறத்தாழ 1500 ஹோடெனோஷோனி வீரர்கள் மொன்றியலுக்கு அருகே லசீன் என்ற குடியேற்றத்தைத் தாக்கி எரித்தார்கள். அந்தத் தாக்குதலுக்கு இந்த ஒரு சூழ்ச்சி மட்டும் காரணமன்று. செனெக்கா ஊர்களைப் பிரெஞ்சுப் படை எரித்த கோபமும், ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மூண்ட போரும் சேர்ந்திருந்தன. ஆனாலும் லசீனில் இறந்தவர்களில் மேசையில் உட்கார்ந்து பேரம் பேசியவர் யாருமில்லை. அவர்கள் தோட்டம் செய்த குடியானவர்கள். கொண்டியாரொங்கின் செயலை வீரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாது. வஞ்சகம் என்று மட்டும் சொல்லவும் முடியாது. 1987 ஜூலை 29 அன்று எமது மக்களின் தலைவிதியைப் பற்றிய ஒப்பந்தம் ஒன்று கொழும்பில் இரண்டு அரசுகளால் கையெழுத்திடப்பட்டது. தமிழர் எவருடைய கையெழுத்தும் அதில் இல்லை. ஒரு மக்களை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் சமாதானம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதும், அது உடையும்போது யார் சாவார்கள் என்பதும் நாம் அறிந்தவை.

அதற்குப் பிந்திய பத்து ஆண்டுகள் எல்லோரையும் களைக்கச் செய்தன. ஹோடெனோஷோனி நாடுகள் பெருந்தொகையான வீரர்களை இழந்தன. 1697 இல் ஈரி ஏரியில் வள்ளங்களில் நடந்த சண்டையில் கொண்டியாரொங்கே அவர்களைத் தோற்கடித்தார். பிரான்சின் களஞ்சியங்களில் பீவர் தோல் விற்கமுடியாமல் குவிந்தது. 1696 இல் அரசர் பதினான்காம் லூயி மேற்கின் வணிக அனுமதிகளை நிறுத்தினார். 1697 இல் ஐரோப்பியப் போரும் ஓய்ந்தது. இப்போது சமாதானப் பேச்சு எழுந்தபோது கொண்டியாரொங் அதன் எதிரியாக நிற்கவில்லை. இம்முறை எல்லோரும் உள்ளே இருக்கவேண்டும், சிறைப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பவேண்டும் என்பதே அவருடைய நிபந்தனை. 1700 செப்டெம்பரில் முதற்கட்ட ஒப்பந்தம் ஆனது. அடுத்த கோடைக்குள் மேற்கின் நாடுகளைத் தம் கைதிகளுடன் மொன்றியலுக்கு வரச் சம்மதிக்கவைத்ததில் அவருடைய பங்கு பெரிது.

1701 ஜூலையில் ஏறத்தாழ 40 நாடுகளைச் சேர்ந்த 1300 பேர் வள்ளங்களில் மொன்றியல் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சிறிய நகரத்தில் வாழ்ந்தவர்களின் தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். வழியிலேயே காய்ச்சல் பரவி, பலர் வந்து சேராமலே இறந்தார்கள். மேற்கு நாடுகள் கைதிகளைக் கொண்டுவந்தன. ஹோடெனோஷோனி கொண்டுவரவில்லை. சிறுவயதில் பிடிபட்டவர்கள் இப்போது எம் குடும்பத்தவர், திரும்பிவர அவர்களே விரும்பவில்லை என்று காரணம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனால் தம் சொல்லை நம்பிக் கைதிகளை அழைத்துவந்தவர்கள் முன்னால் கொண்டியாரொங் தலைகுனிய நேர்ந்தது. பேச்சு முறியும் நிலை.

ஆகஸ்ட் 1 ஆம் திகதி அவர் சபைக்கு வந்தபோது காய்ச்சலால் நிற்கவும் முடியவில்லை. அவருக்குச் சாய்கதிரை கொண்டுவந்து கொடுத்தார்கள். மூலிகைப் பாகு குடித்துத் தேறி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். கைதிகளை மீட்கத் தாம் பட்ட பாட்டை எடுத்துச் சொன்னார். ஹோடெனோஷோனி வாக்குத் தவறியதை முகத்துக்கு நேரே சொன்னார். ஆயினும் சமாதானம் எல்லோருக்கும் ஏன் தேவை என்று விளக்கினார். சபை அசையாமல் கேட்டது. பேச்சு முடிந்ததும் நாற்காலியோடு தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அதிகாலை இரண்டு மணியளவில் அவர் இறந்தார்.

அன்றே ஹோடெனோஷோனித் தூதுக்குழு வரிசையாக வந்து, அவருடைய உடலுக்கு முன்னால் தம் மரபுப்படி துக்கம் கொண்டாடியது. யாருடைய தூதரை அவர் கொன்றாரோ, யாரோடு வாழ்நாள் முழுவதும் போரிட்டாரோ, அவர்களே அழுதார்கள். ஆகஸ்ட் 3 அன்று பிரெஞ்சுப் படையினர் முன்னே நடக்க, முகத்தில் கரி பூசிய அவருடைய வீரர்கள் தொடர, மொன்றியலின் நோத்ர டாம் தேவாலயத்தில் கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்தார்கள். மறுநாள் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒவ்வொரு நாடும் தன் குலச்சின்னத்தை வரைந்தது. அவருடைய மக்களின் அடையாளமாக அந்தத் தாளில் ஒரு நீரெலியின் உருவம் இருக்கிறது.

அந்தச் சமாதானம் ஹோடெனோஷோனிக்கும் மேற்கின் நாடுகளுக்கும் இடையிலான நீண்ட போரை முடித்தது. இழந்த நாட்டை மட்டும் அது திருப்பித் தரவில்லை. அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர் டிட்ராய்ட்டை நிறுவ, அவருடைய மக்கள் அங்கே பெயர்ந்தார்கள். பிறகு ஒஹாயோவுக்கும் போனார்கள்; அங்கிருந்து கன்சாஸ், ஒக்லஹோமா என்று அமெரிக்க அரசு அவர்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஜோர்ஜியன் குடா அருகே அவர்களுடைய பொதுப் புதைகுழியிலிருந்து தோண்டப்பட்ட முன்னோரின் எலும்புகள் ரொறன்ரோவின் அரச ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 1999 இல், நாடு சிதறி 350 ஆண்டுகளின் பின், கியூபெக்கிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த சந்ததியினர் ஒன்றுகூடி அந்த எலும்புகளை அதே மண்ணில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். மிட்லண்ட் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் யாத்திரை போகும் எமது குடும்பங்கள் அந்த மண்ணுக்கு மிக அருகில்தான் போய்வருகின்றன.

1703 இல் லஹொந்தான் என்ற பிரெஞ்சுப் பிரபு, கொண்டியாரொங்கை மனதில் வைத்து அடாரியோ என்ற பாத்திரத்தைப் படைத்து, ஐரோப்பாவின் சட்டத்தையும் பணத்தையும் மதத்தையும் கேள்வி கேட்கவைத்தார். அந்த நூலை ஐரோப்பா விரும்பி வாசித்தது. மொன்றியல் மலையிலிருந்து நகரைப் பார்க்கும் முற்றத்துக்கு இன்று அவருடைய பெயர். கல்லறை இருந்த இடம் மட்டும் தெரியாது.

மார்க்கத்தில் வன்னி என்ற பெயரில் ஒரு வீதி உண்டு. அந்த வீதி கிடக்கும் நிலம் யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு எமக்கு ஒரு பதில் வேண்டும். சிறைப்பட்டவர்கள் வீடு திரும்பாத சமாதானம் முழுமையாகாது என்று மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாதாடிய ஒரு தலைவரின் முன்னோர் உலாவிய நிலம் இது என்று சொல்லலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 முதல் தெருவோரத்தில் இருக்கும் தாய்மார் கேட்பதும் அதைத்தான்.