பள்ளிப் பையன் படைத்த மொழி

வார்சா நகரத் தெரு. மாணவன் ஒருவன் நடந்து போய்க்கொண்டிருந்தான். வழியில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. வாயில் காவலனின் அறை என்று ருஷ்ய மொழியில் எழுதியிருந்தது. அதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். பிறகு ஒரு மிட்டாய்க் கடையின் பலகையைக் கண்டான். அன்று ஏனோ இரண்டு சொற்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தான். இரண்டும் "ஸ்காயா" என்றே முடிந்தன!

மாணவனின் மனத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். பல மாதங்களாக அவனை வாட்டிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு அந்தப் பலகைகள் விடை சொல்லிவிட்டன.

யார் அந்த மாணவன்? அவன் பெயர் லூத்விக் ஜாமன்ஹாப். "எஸ்பராண்டோ" என்ற பொது மொழியை உலகத்துக்குத் தந்த டாக்டர் ஜாமன்ஹாப் அவன்தான். பெரிய பண்டிதராகி, தலை நரைத்த பிறகு அவர் அந்த மொழியைப் படைக்கவில்லை. ஹைஸ்கூலில் பிற நாட்டு மொழிகளைக் கற்கப் பட்ட பாட்டிலிருந்தே அது பிறந்தது.

நாலு மொழி ஊர்

1859-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி பியாலிஸ்டோக் என்ற ஊரில் லூத்விக் பிறந்தான். இன்று போலந்து நாட்டில் இருக்கும் அந்த ஊர், அன்று ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. யூதர், போலிஷ்காரர், ருஷ்யர், ஜெர்மானியர் ஆகிய நான்கு இனத்தாரும் அங்கே வாழ்ந்தனர். அவரவர் மொழி வேறு. அவரவர் கோவிலும் வேறு. ஒரு தெருவில் வசித்தும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. சந்தையில் எழும் சிறு தகராறுகூட இனச் சண்டையாகிவிடும்.

லூத்விக் யூதக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. மனிதர்கள் எல்லாரும் சகோதரர்கள் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். வீதியில் இறங்கினால் மனிதர்களையே காணோம். யூதரும் ருஷ்யரும் போலிஷ்காரரும் ஜெர்மானியரும்தான் தென்பட்டார்கள். இது அந்தப் பிஞ்சு மனத்தில் முள்ளாகத் தைத்தது. பெரியவனானதும் இந்தத் தீமையை ஒழித்தே தீருவது என்று அவன் எண்ணிக்கொண்டான்.

தந்தை மார்க்கஸ் ஜாமன்ஹாப் ஒரு மொழி ஆசிரியர். பிரெஞ்சும் ஜெர்மனும் கற்பிப்பதே அவருடைய தொழில். பாடப் புத்தகங்களும் எழுதியிருக்கிறார். கண்டிப்பானவர். வீட்டில் ருஷ்ய மொழியும், யூதர்களின் இத்திஷ் மொழியும், வெளியே போலிஷ் மொழியும் பையனுக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. அவற்றைக் கற்க அவன் கஷ்டப்படவில்லை. கஷ்டம் பள்ளிக்கூடத்தில் காத்திருந்தது.

கரண்டி ஆண், கத்தி அலி!

1873-ம் வருஷக் கடைசியில் குடும்பம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. மறு வருஷம் லூத்விக் அங்கே ஜிம்னாசியத்தில் நாலாம் வகுப்பில் சேர்ந்தான். ஜிம்னாசியம் என்றதும் தேகப் பயிற்சிக்கூடம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நாடுகளில் ஹைஸ்கூலுக்கு அதுதான் பெயர்.

போலந்து மக்களின் தலைநகரமாக இருந்தாலும் அங்கே பாடம் நடந்தது ருஷ்ய மொழியில். அதற்கு மேல் லத்தீன், கிரேக்கம், ஜெர்மன், பிரெஞ்சு. செத்த மொழிகளைக் கற்பித்த முறையிலேயே உயிருள்ள மொழிகளையும் கற்பித்த காலம் அது. சூத்திரம், வாய்பாடு, மொழிபெயர்ப்பு. மறுநாளும் சூத்திரம், வாய்பாடு, மொழிபெயர்ப்பு. பல வருஷம் பிரெஞ்சு படித்த மாணவன், ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்தால் வாயடைத்து நிற்பான்.

ஜெர்மன் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜையில் இருக்கும் கரண்டி ஆண்பால்; முள்கரண்டி பெண்பால்; கத்தி இரண்டும் இல்லாத அலி! காரணம் கேட்டால் ஆசிரியருக்கும் தெரியாது. உருப்போடுவது ஒன்றே வழி. பிரெஞ்சு வினைச்சொற்களோ ஒன்று போன வழியில் மற்றொன்று போகாது. விதியைக் கற்றால் விதிவிலக்குகள் வரிசையாக வந்து நிற்கும்.

மற்றப் பையன்கள் பரீட்சைக்கு உருப்போட்டார்கள், பிறகு மறந்தார்கள். லூத்விக்கும் உருப்போட்டான். ஆனால் இத்தனை பாரம் எதற்கு என்ற கேள்வியை மட்டும் அவன் விடவில்லை. மக்கள் எல்லாருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே அவனுக்கு இருந்தது. முதலில் லத்தீனையோ கிரேக்கத்தையோ உயிர்ப்பிக்கலாம் என்று கனவு கண்டான். அவற்றின் இலக்கணத்தில் தலை நுழைத்த பிறகு அந்தக் கனவு கலைந்தது. ஏழைத் தொழிலாளி எந்தக் காலத்தில் லத்தீன் கற்று முடிப்பான்? அப்படியானால் புது மொழி ஒன்றைப் படைக்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் அவன் ஆங்கிலம் கற்கத் தொடங்கினான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சிம்மசொப்பனம். லூத்விக்குக்கோ அது ஆனந்தம் தந்தது! லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவனுக்கு ஆங்கில இலக்கணம் வெட்டவெளியாகத் தெரிந்தது. கரண்டிக்குப் பால் இல்லை. வேற்றுமை வாய்பாடு இல்லை. இத்தனை குறைந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஜாதியார் பேசவும் எழுதவும் செய்கிறார்களே! அப்படியானால் அந்த வாய்பாடுகள் மொழிக்கு உயிர் அல்ல. பழைய காலத்துச் சுமை. அன்றே தன் மொழிக்கான இலக்கணத்தைச் சில பக்கங்களுக்குள் அடக்கிவிட்டான்.

பலகை காட்டிய வழி

இலக்கணம் சுருங்கியது. அகராதி? ஆயிரம் ஆயிரமாகச் சொற்களைப் பார்த்தால் அவனுக்கே பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் தெருப் பலகைகள் கைகொடுத்தன.

பால்காரன், வண்டிக்காரன், வேலைக்காரன் என்று நாம் சொல்கிறோம். பால் தெரியும், வண்டி தெரியும். "காரன்" என்ற முடிவையும் கற்றுவிட்டால் ஒவ்வொரு சொல்லையும் தனியாக உருப்போட வேண்டியதில்லை. எல்லா மொழியிலும் இப்படிச் சில முடிவுகள் உண்டு. அவை ஓரிடத்தில் சேரும், இன்னோரிடத்தில் சேராது. விலக்கே இல்லாமல் எல்லா இடத்திலும் சேரும்படி செய்துவிட்டால்?

அப்படித்தான் செய்தான் அந்த மாணவன். இன்றைய எஸ்பராண்டோவில் "சானா" என்றால் ஆரோக்கியமான. முன்னால் "மல்" சேர்த்தால் எதிர்ப்பொருள். "மல்சானா" என்றால் நோயுற்ற. "மல்சானுலோ" என்றால் நோயாளி. "மல்சானுலேயோ" என்றால் நோயாளிகள் இருக்கும் இடம், அதாவது ஆஸ்பத்திரி. ஒரு வேர்ச்சொல்லைக் கற்றவனுக்கு நாலு சொற்கள் கிடைத்துவிட்டன.

விருந்தும் வனவாசமும்

1878-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி லூத்விக்குக்கு வயது 19 நிறைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பள்ளித் தோழர்கள் சிலர் அவன் வீட்டில் கூடினார்கள். மேஜைமேல் புது மொழியின் இலக்கணமும் சொற்பட்டியலும் சில மொழிபெயர்ப்புகளும் இருந்தன. மாணவர்கள் அந்த மொழியில் பேசினார்கள், பாடினார்கள். மொழிக்கு அன்று பிறந்த நாள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பள்ளியை விட்டுப் போன தோழர்கள் புது மொழியைப் பற்றிப் பெரியவர்களிடம் சொன்னார்கள். கேலிதான் மிச்சம். ஒருவர்பின் ஒருவராக நழுவிவிட்டார்கள். லூத்விக் தனியாக நின்றான்.

தந்தைக்கும் கவலை பிடித்துக்கொண்டது. மொழி கற்பித்தே வாழ்ந்தவர் அவர். யூதப் பையனுக்கு ருஷ்ய ராஜ்யத்தில் பிழைக்க வழிகள் சில. வைத்தியம் அவற்றில் ஒன்று. 1879-ல் மகனை மாஸ்கோவுக்கு வைத்தியம் படிக்க அனுப்பினார். படிப்புக் காலத்தில் மொழியைத் தொடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். நோட்டுப் புத்தகங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். 1881-ல் மகன் வார்சாவுக்குத் திரும்பினார். தந்தை அந்த நோட்டுகளை எரித்துவிட்டார் என்று ஜாமன்ஹாப்பின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

மனம் தளரவில்லை மகன். வைத்தியப் படிப்போடு மொழியையும் மீண்டும் எடுத்தார். பல நூல்களைத் தம் மொழியில் பெயர்த்துப் பார்த்தார். காகிதத்தில் அழகாக இருந்த விதிகள் நாக்கில் வரும்போது இடறின. அவற்றை வெட்டினார், மாற்றினார். கடைசியில் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். வேறு மொழியில் நினைத்து இதில் பெயர்க்கும்வரை மொழி நடக்காது. அந்த மொழியிலேயே நினைக்கத் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கியதும் அது தானாகவே ஓடியது. பல வருஷப் பள்ளிப் பாடம் சொல்லாத ரகசியம் இது! மொழிகளைக் கற்பிக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்று ஜெர்மானிய ஆசிரியர் வில்ஹெல்ம் வியெட்டர் 1882-ல் நூல் வெளியிட்டதும் அதே காலத்தில்தான்.

நம்பிக்கை கொண்டவர்

1885-ல் ஜாமன்ஹாப் டாக்டரானார். பிறகு கண் வைத்தியம் கற்றார். மொழி நூலை அச்சிட இரண்டு வருஷம் அலைந்தும் எந்தப் பதிப்பாளரும் முன்வரவில்லை. அந்த நாளில் கிளாரா என்ற பெண்ணை மணக்க நிச்சயமாயிற்று. பெண்ணின் தந்தை சோப்புத் தொழிற்சாலை வைத்திருந்தவர். நூலை வெளியிட அவர் கைகொடுத்தார். 1887-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி, ருஷ்ய மொழியில் சிறு புத்தகமாக அது வெளிவந்தது. ஆகஸ்டு 9-ந் தேதி கல்யாணம்.

புத்தகத்தில் இலக்கண விதிகள் 16. வேர்ச்சொற்கள் சுமார் 900. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் பெயர் டாக்டர் எஸ்பராண்டோ என்றிருந்தது. நம்பிக்கை கொண்டவர் என்று பொருள். புனைபெயரே பிறகு மொழியின் பெயராகிவிட்டது. மொழி எல்லாருக்கும் பொதுச் சொத்து; தமக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று அந்தப் புத்தகத்திலேயே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கைப்பணம் கரைந்தது. ஊர் ஊராகத் தொழில் நடத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் வார்சாவின் ஏழை யூதர்கள் வசித்த பகுதியில் கண் வைத்தியராக அமர்ந்தார். பகலெல்லாம் நோயாளிகள், இரவெல்லாம் கடிதங்கள். 1889-ல் அவர் வெளியிட்ட விலாசப் புத்தகத்தில் மொழி கற்றவர்கள் ஆயிரம் பேர் இருந்தனர்.

1905-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், பிரான்சில் பூலோன் என்ற துறைமுக நகரத்தில் முதல் உலக மாநாடு கூடியது. 20 நாடுகளிலிருந்து 688 பேர் வந்தனர். எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துக் கற்றவர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியுமா? ஜாமன்ஹாப்புக்கே மனம் படபடத்தது. பேசினார்கள், புரிந்தது! மொழிபெயர்ப்பாளர் இல்லை. வார்சாப் பள்ளிப் பையனின் கனவு கண்ணெதிரே நடமாடியது.

தந்தை என்ன ஆனார்? மனம் மாறிவிட்டார். பல மொழிப் பழமொழிகளை ஒப்பிட்டு அவர் தொகுத்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்பை மகன் எஸ்பராண்டோவில் ஆக்கினார். 1907-ல் தந்தை காலமானார். 1910-ல் பழமொழி நூல் முழுமையாக வெளிவந்தது. மொழியைப் பூட்டிவைத்தவரின் உழைப்பும் அந்த மொழியிலேயே நிலைத்தது.

பள்ளி வாசலில்

1914-ல் பாரிஸ் மாநாட்டுக்கு ஜாமன்ஹாப் புறப்பட்டார். வழியில் உலக யுத்தம் மூண்டது. ஜெர்மனியிலிருந்தே திரும்ப வேண்டியதாயிற்று. மொழி தெரிந்த தேசங்கள் எல்லாம் பீரங்கியால் பேசிக்கொண்டன. இருதய நோயாளியான அவர் 1917-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி வார்சாவில் காலமானார்.

பள்ளியில் பிறந்த மொழிக்குப் பள்ளிக் கதவு எளிதில் திறக்கவில்லை. 1922-ல் பிரெஞ்சுக் கல்வி மந்திரி லெயோன் பெரார், அரசாங்கப் பள்ளிகளில் எஸ்பராண்டோ கற்பிக்கத் தடை போட்டார். பொது மொழி வந்தால் பிரெஞ்சின் செல்வாக்குக் குறையும் என்ற பயம் அந்தச் சர்க்காருக்கு.

அவருடைய கடைசி மகள் லிதியா பல நாடுகளுக்குப் போய் அந்த மொழியைக் கற்பித்தார். வாய்பாடு இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை. பொருளைக் காட்டி, கேள்வி கேட்டு, முதல் நாளிலிருந்தே மாணவர்களைப் பேசவைக்கும் முறை அவருடையது. தகப்பனார் பள்ளியில் காணாத வகுப்பை மகள் நடத்தினார். விதி அவரையும் விடவில்லை. மகன் ஆதாமை நாஜிகள் 1940-ல் சுட்டுக் கொன்றனர். சோபியா, லிதியா என்ற இரு மகள்களும் 1942-ல் ட்ரெப்லிங்கா முகாமில் மடிந்தனர். மனிதரை மனிதர் வெறுக்கக்கூடாது என்று கனவு கண்டவரின் மக்கள் மூவரும் வெறுப்புக்கே பலியாயினர்.

மொழி மட்டும் மடியவில்லை. 1954-ல் யுனெஸ்கோ அதன் பணியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. உலகம் முழுவதும் பேசும் மொழியாக அது ஆகிவிடவில்லை. ஆனாலும் பல நாடுகளில் அதைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எத்தனையோ கோடிப் பிள்ளைகள் பள்ளியில் பிற நாட்டு மொழி படிக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். லூத்விக் ஜாமன்ஹாப் மூடவில்லை. அடுத்த வீட்டுக்காரனோடு பேசத்தானே மொழி என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மார்க்குக்காகப் படித்த மொழி பரீட்சையோடு போய்விடும். மனிதனுக்காகப் படித்த மொழி உடன் வரும்.