பாபரா மக்கிளின்ரொக் (1902 – 1992)

அமெரிக்காவின் ஹாற்பேட் நகரிற் பிறந்தவர். படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடையாதென்று தாயார் அஞ்சினார்; தந்தையாரின் ஆதரவோடு 1919 இல் கோணெல் பல்கலைக்கழகம் புகுந்தார்.

ஒடுக்கற்பிரிவில் சோடிசேரும் நிறமூர்த்தங்கள் துண்டங்களைப் பரிமாறுகின்றன என்பது அன்று கண்ணாற் காணாத கருத்து. சோளத்தின் ஒன்பதாம் நிறமூர்த்தத்தில், ஒரு முனையில் குமிழும் மறுபுறத்தில் வேறொரு நிறமூர்த்தத் துண்டும் கொண்ட வகையொன்று அவருக்குக் கிடைத்தது. மாணவி ஹரியற் கிறெயிற்றனுடன் அதனைக் கலப்புச் செய்து வளர்த்தார். விதையின் நிறமும் மாப்பொருளின் தன்மையும் புதிய விதமாய்ச் சேர்ந்த செடிகளில், குமிழும் துண்டும் ஒன்றைவிட்டொன்று பிரிந்திருந்ததை நுணுக்குக்காட்டி காட்டியது. 1931 இல் குறுக்குப் பரிமாற்றம் நிரூபணமாயிற்று.

இடம்மாறும் பரம்பரையலகுகள் பற்றிய பிந்திய ஆய்வைப் பலர் நெடுநாள் ஏற்கவில்லை. அவரோ சோளத்தோட்டத்தை விட்டகலவில்லை. அதற்காகவே 1983 இல், 81 ஆவது வயதில், மருத்துவ நோபல் பரிசைத் தனித்துப் பெற்ற முதற் பெண்ணானார்.