ஜிம் கார்பெட்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் (ஜூலை 25, 1875 – ஏப்ரல் 19, 1955) இந்தியாவில் பிறந்த பிரித்தானிய வேட்டைக்காரர், இயற்கையியலாளர், எழுத்தாளர் ஆவார். ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டவராகப் பெரிதும் அறியப்படும் இவர், பிற்காலத்தில் காட்டுயிர் பாதுகாப்பிற்காக உழைத்தார்.

இளமை

கார்பெட் நைனித்தாலில் பிறந்தார். இவரது தந்தை அவ்வூரின் அஞ்சலக அதிகாரியாகப் பணியாற்றியவர். குளிர்காலங்களில் குடும்பம் மலையடிவாரத்திலுள்ள காலாதூங்கியில் வசித்தது. அங்குள்ள காடுகளில் பறவைகளின் எச்சரிக்கை ஒலிகளையும் விலங்குகளின் காலடித் தடங்களையும் இனங்காண இவர் சிறுவயதிலேயே கற்றார். பின்னர் வங்காள வடமேற்கு இரயில்வேயில் சேர்ந்து, மொகாமா படித்துறையில் சரக்கு மாற்றும் பணியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒப்பந்த அடிப்படையில் நடத்தினார்.

ஆட்கொல்லி விலங்குகள்

1907ஆம் ஆண்டு முதல் 1938 வரை குமாவுன், கர்வால் பகுதிகளில் பல ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டார். அவற்றுள் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியும் (1907), 125 பேரைக் கொன்றதாகப் பதிவான ருத்ரபிரயாக் சிறுத்தையும் (1926) குறிப்பிடத்தக்கவை. பரிசுத்தொகை அறிவிப்புகளை அரசு திரும்பப் பெற வேண்டும், பிற வேட்டைக்காரர்கள் அங்கிருந்து விலக வேண்டும் என்ற நிபந்தனைகளுடனேயே சம்பாவத் வேட்டையை ஏற்றார்.

சம்பாவத் புலியின் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. முக்தேசர் பெண்புலி முள்ளம்பன்றியுடன் மோதி ஒரு கண்ணை இழந்திருந்தது. காயமோ முதுமையோ இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் செய்யும்போதே புலி மனிதரைத் தாக்குகிறது என்று கார்பெட் விளக்கினார். காயப்படுத்திய விலங்கைத் தேடாமல் விட்டுச்செல்லும் வேட்டைக்காரரின் பொறுப்பின்மைக்கு அப்பகுதி மக்களே உயிரை விலையாகக் கொடுத்தனர்.

ஒளிப்படக் கருவி

வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் எடுத்த புலிப் படங்களால் ஈர்க்கப்பட்டு கார்பெட்டும் படமெடுப்பதில் ஈடுபட்டார். திரைப்படக் கருவியின் ஓசை புலிகளைக் கலைத்ததால், ஓர் ஓடையில் சிறு அணைகள் கட்டி, நீர் விழும் ஒலியில் அவ்வோசை மறையுமாறு செய்தார். காட்டிற்குள் செல்பவர் தமது இருப்பை விலங்கு உணராதவாறு நடந்துகொள்வதே இம்முறையின் அடிப்படை ஆகும்.

எனினும் இவர் வேட்டையை முற்றிலும் கைவிடவில்லை. புகழ்பெற்ற போவல்கர் புலியை 1930இல் சுட்டார். வைசிராய் லின்லித்கோவிற்காக வேட்டைகளையும் ஏற்பாடு செய்தார். இம்முரண்பாடு இவரைப் பற்றிய மதிப்பீடுகளில் சுட்டப்படுகிறது.

கென்யாவில்

1947இல் தமக்கை மேகியுடன் கென்யாவின் நையேரிக்குக் குடிபெயர்ந்தார். அங்கு மரத்தின் மேல் அமைந்த ட்ரீடாப்ஸ் விடுதியில், நீர்நிலைக்கு வரும் விலங்குகளை விருந்தினர் இரவில் அமைதியாகப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கு தங்கியபோது கார்பெட் உடனிருந்தார். 1955இல் நையேரியில் காலமானார்.

நினைவு

1936இல் நிறுவப்பட்ட இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவான ஹெய்லி பூங்காவிற்கு, இவரது மறைவிற்குப் பின் இவர் பெயர் சூட்டப்பட்டது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் இங்குதான் தொடங்கப்பட்டது. பூங்காவிற்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைதல், குறிப்பிட்ட இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்குதல், விலங்குகளுக்கு உணவளித்தல், ஒலியெழுப்புதல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. காலாதூங்கியிலுள்ள இவரது இல்லம் அருங்காட்சியகமாக விளங்குகிறது.