ஒரே கிணறு, ஒரே பந்தி: அய்யா வைகுண்டர் காட்டிய வாழ்வு

அய்யா துணை.

அன்புக்கொடி மக்களே! பதிக்குப் போகிறோம். முத்திரிக்கிணற்றில் பதமிட்டு, தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, கண்ணாடி முன் நின்று, அன்னதர்மம் வாங்கி உண்டு திரும்புகிறோம். இவை ஒவ்வொன்றும் அய்யா நமக்காகப் பட்ட பாட்டில் விளைந்தவை. அந்த வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

1809-ஆம் ஆண்டு, இன்று சாமிதோப்பு என்று வணங்கப்படும் ஊரில், பொன்னுமாடன், வெயிலாள் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தார். முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். எளிய குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் தடுத்ததால், முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். பெயரைக்கூட விருப்பம்போல் வைத்துக்கொள்ள முடியாத காலம் அது.

திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் பட்ட துயரம் கொஞ்சமல்ல. தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் வரி. கூலியில்லா ஊழியம். ஆண்கள் தலையில் துணி கட்டக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் வழியில்லை.

முத்துக்குட்டி கடும் நோயில் விழுந்தபோது, மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் கொண்டு போனார்கள். அங்கே கடலுக்குள் சென்றவர், மூன்றாம் நாளாகிய கொல்லம் 1008 மாசி 20 அன்று (1833) வைகுண்டராக வெளிப்பட்டார். பின் சாமிதோப்புக்கு வந்து ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். நாடி வந்தவர்களின் பிணி தீர்த்தார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், பேய்க்கு அஞ்ச வேண்டாம் என்று போதித்தார். பதினெண் சாதியாரும் ஒரே கிணற்றில் நீராடி, ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், பெண்களைத் தோளில் சீலை போடச் சொன்னார்.

அரசுக்கு இது பொறுக்கவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அய்யாவைப் பிடித்துக்கொண்டு போய், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 100 நாளுக்கு மேல் சிறை வைத்தார்கள். நஞ்சு கொடுத்தும், புலிக்கூண்டில் விட்டும் சோதித்தார்கள். அய்யாவுக்கு எதுவும் நேரவில்லை. 1839 மாசியில் விடுதலையாகி ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவர் பகை தீர்க்கப் படை திரட்டவில்லை. 700 குடும்பங்களைக் கடற்கரையில் வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். நாளும் பலமுறை குளித்து, துணி துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கியதை ஒரு வேளை மட்டும் உண்டு, ஆணும் பெண்ணும் குழந்தைகளும் ஒரு குடும்பமாக வாழ்ந்தார்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் சுத்தமும் ஒழுக்கமும் கொண்ட மக்களாக நிமிர்ந்தார்கள். படை திரட்டியிருந்தால் கிடைக்காத வெற்றி இது.

அகஸ்தீஸ்வரம், பாலூர், வடலிவிளை முதலிய ஊர்களில் அய்யா நிழல்தாங்கல்களை அமைத்தார். அங்கே வழிபாடும் நடந்தது, பசித்தவருக்குச் சோறும் கிடைத்தது, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். சீடர் அரிகோபாலன் 1841-இல் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். 1851-ஆம் ஆண்டு வைகாசி 21 அன்று அய்யா வைகுண்டம் சென்றார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1859-இல், தோள்சீலை உரிமையை அரசே அறிவிக்க வேண்டி வந்தது.

சிலை இருக்கும் இடத்தில் கண்ணாடி இருப்பது, நம் உள்ளேயே இறைவன் இருக்கிறார் என்று காட்டத்தான். அப்படியானால் பக்கத்தில் நிற்பவரின் உள்ளேயும் அவரே இருக்கிறார். ஆகவே தாங்கலில் பணிவிடை செய்யும் நாம் கவனமாக இருக்க வேண்டும். பந்தியில் வசதியுள்ளவருக்கு முன்னிடம் கொடுத்து, அழுக்குத் துணியோடு வந்தவரைக் கடைசியில் உட்கார வைத்தால், அய்யா ஒழித்த வழக்கத்தை நாமே திரும்பக் கொண்டு வந்தவர்கள் ஆவோம். வரிசையில் வந்தவர் வந்தபடி அமரட்டும். ஊரும் குலமும் கேட்காமல் இலை போடுவோம். பசித்து வந்த ஒருவரும் பசியோடு திரும்பாதிருந்தால், அதுவே அய்யாவுக்கு நாம் செய்யும் பணிவிடை.

அய்யா உண்டு.